சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் என்னை வேலையைவிட்டு அனுப்ப முடியுமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயது 31. இந்துக் குடும்பத்தில் பிறந்து ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவர். அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார். அறுபது பேர் வேலை பார்க்கும் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மூன்று ஆண்டுகளாகப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சம்பளம் 3,400 வெள்ளி.

வேலை தொடங்குமுன் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விவரம் சொல்லும் டூல்பாக்ஸ் மீட்டிங்குகள் நடக்காமலே நடந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் சைட் மேனேஜர். போன மாதம் இவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆபீசில் 'சாமியார் மேடம்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் அடிக்கடி பெயர் போடுகிறார்கள். தீபாவளி சமயத்தில் சக ஊழியர் ஒருவர் இவர்மேல் புகார் கொடுத்து, மனிதவளப் பிரிவு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறது. வீட்டில் அப்பாவின் திவசத்தன்று இவர் வெளியே போய்விட, அண்ணன் இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "உலகம் என்னைப் பகைக்கிறது, அண்ணா. வேதம் சொன்னபடிதான் நடக்கிறது. என்னை வேலையைவிட்டு அனுப்ப முடியுமா? மனிதவள அமைச்சிடம் புகார் செய்வது பாவமா? ஜெபக் குழுவில் ஒரு அக்கா, சிலுவையைச் சுமக்க வேண்டும், வழக்காடக் கூடாது என்கிறார். திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்காதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

நானும் ஞாயிறு தோறும் ஆலயத்தின் பின்வரிசையில் உட்காருகிறவன்தான். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். உங்கள் ஏழு பக்கங்களிலும் எல்லாமே ஒரே சங்கடமாக, 'உபத்திரவம்' என்ற ஒரே பெயரில் வருகிறது. என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு விஷயத்தில் நீங்கள் முழுக்க நியாயத்தின் பக்கம் நிற்கிறீர்கள். ஒன்று வெறும் அட்டவணைத் தகராறு. ஒன்று, மன்னிக்க வேண்டும், நீங்களே தேடிக்கொண்டது. தப்பு செய்து அடி வாங்கிப் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன கீர்த்தி என்று பேதுரு தன் முதல் நிருபத்திலேயே கேட்கிறார். நல்லது செய்து பாடுபடுவதை அவர் தனியாக வைக்கிறார். நாமும் தனித்தனியாகவே பார்ப்போம்.

அந்தக் கையெழுத்துத் தாள்

உங்கள் கடிதத்திலேயே என்னைப் பிடித்து நிறுத்தியது மூன்றாம் பக்கம். காலை ஏழே முக்கால் மீட்டிங்கிற்கான தாள். இருபத்து மூன்று பெயர், இருபத்து மூன்று கையெழுத்து, எல்லாம் ஒரே நீலப் பேனா, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதில் ஒருவர் அம்மாவின் சாவுக்காகப் புதுக்கோட்டைக்குப் போய் ஒன்பது நாளாகிறது. அவரும் அன்று காலை 'கையெழுத்துப் போட்டிருக்கிறார்'. அந்தப் பெயரில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் பொய் சொல்ல மறுத்த கதையாக மட்டும் சொல்கிறீர்கள். அதைவிடப் பெரிய விஷயம் இது. அன்று எந்தச் சாரத்தில் பலகை சரியில்லை, எங்கே கிரேன் வேலை நடக்கிறது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல்வார்கள். 2022ல் சிங்கப்பூரில் வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2023 மே வரை கூடுதல் பாதுகாப்புக் காலம் என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. 2024ல் 43 பேர். பிறனை நேசி என்ற கட்டளைக்கு உங்கள் வேலையில் ஒரு உருவம் உண்டென்றால், அது அந்த மீட்டிங் உண்மையிலேயே நடப்பதுதான்.

மேனேஜர் "எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றபோது நீங்கள், "நான் கிறிஸ்தவள், என்னால் முடியாது" என்று சொல்லியிருக்கிறீர்கள். தைரியம்தான். ஆனால் ஒரு வழக்கறிஞராக எனக்கு அந்தப் பதிலில் ஒரு வருத்தம். பொய்யான பாதுகாப்புப் பதிவில் ஒரு இந்துவும் கையெழுத்துப் போடக் கூடாது, முஸ்லிமும் போடக் கூடாது, சாமியே இல்லை என்பவரும் போடக் கூடாது. அது சட்ட விரோதம். உங்கள் விசுவாசத்தை முன்னால் நிறுத்தியதும், அவருடைய தவறு பின்னால் போய், உங்கள் மதம் பேசுபொருளாகிவிட்டது. அவருக்கும் அது வசதி. 'சாமியார் மேடம்' என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம் அல்லவா?

அடுத்த முறை வாயால் பேச வேண்டாம். மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: "இந்த மாதம் 4, 9, 12 தேதிகளில் மீட்டிங் நடக்கவில்லை. அதனால் அந்தத் தாள்களில் நான் சரிபார்த்ததாகக் கையெழுத்திட இயலாது. நாளை காலை ஏழே முக்காலுக்கு மீட்டிங்கை நானே நடத்தித் தருகிறேன்." வேத வசனம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். தானியேல் பாபிலோன் அரண்மனையில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்று அவர் தட்டைத் தள்ளிவிடவில்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் மரியாதையாக ஒரு யோசனை சொன்னார். மறுப்போடு ஒரு வழியையும் சேர்த்து நீட்டினால் எதிராளிக்கும் முகம் காக்க இடம் இருக்கும்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி

"முதலில் நாலு மாதம் நானும் போட்டிருக்கிறேன், ஆனால் அப்போது எனக்கு உணர்வில்லை" என்று ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள். சகோதரி, எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

பொய்யான பதிவில் கையெழுத்திடுவது சூழ்நிலையைப் பொறுத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படியும் தண்டனைச் சட்டத்தின்படியும் குற்றமாகலாம். மேலாளர் சொன்னார் என்பதால் பொறுப்பு கழன்றுவிடாது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமல் தானே முன்வந்து நடந்ததைச் சொல்பவரின் நிலை வேறு, விபத்து நடந்த பிறகு பிடிபடுபவரின் நிலை வேறு. ஆனால் அமைச்சிடம் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் உட்கார்ந்து அந்த நாலு மாதத்தையும் தேதிவாரியாகச் சொல்லிவிடுங்கள். செலவு கவலையாக இருந்தால் சமூக மன்றங்களில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. முதல் பேச்சுக்கு அது போதும். ஒரு பத்திரிகைப் பதிலில் இதற்கு மேல் நான் சொல்வது உங்களுக்கு நல்லதல்ல.

இன்னொன்று. ஆதாரம் வேண்டுமென்று கம்பெனிக் கோப்புகளை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். தாள்களில் தொழிலாளர்களின் சொந்த விவரங்கள் இருக்கும். அவற்றைப் படம் எடுத்து ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் போட்டால் பிரச்சினை உங்கள் தலையில் விடியும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நடந்த அன்றே, தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று கைப்பட எழுதி வையுங்கள். எத்தனையோ பிரச்சினைகளில் கடைசியில் பேசியது அந்த இரண்டு வெள்ளி நோட்டுதான்.

புகார் செய்வது பாவமா?

ஜெபக் குழு அக்கா மனதில் வைத்திருப்பது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரமாக இருக்கும். அங்கே பவுல் கண்டிப்பது விசுவாசிகள் தங்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கலுக்காக ஒருவரை ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுப்பதை. இருபத்து மூன்று பேரின் உயிர் சம்பந்தப்பட்ட மோசடியை மூடி வைக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. அதே பவுல், தன்னை அடிக்கக் கட்டியபோது 'ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா' என்று கேட்டார். பின்னால், 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடே செய்தார். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தியதால் அவருடைய சிலுவை இலேசாகிவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

ஆகவே புகார் செய்யலாம். முதலில் கம்பெனிக்குள், மேனேஜருக்கு மேலே இருப்பவரிடம் எழுத்தில். அசையவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம். அதிகாரிகளின் சோதனைக்கோ விசாரணைக்கோ உதவியதற்காக ஊழியரை நீக்கக் கூடாது, நீக்குவேன் என்று மிரட்டவும் கூடாது என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது, உங்களை அனுப்ப முடியுமா என்ற கேள்வி. இதில் நீங்கள் இரண்டு தவறான நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு எனக்குக் காவல் என்று எழுதியிருக்கிறீர்கள். சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அது உரிமை தருவது உண்மை. ஆனால் அது முக்கியமாக அரசாங்கத்தின் கையைக் கட்டுவது, உங்கள் சைட் மேனேஜரின் கையை அல்ல. அப்புறம், வேலையிட நியாயச் சட்டம். சமயத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அந்தச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் நடப்புக்கு வருவது 2027ல் என்றுதான் அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதுவரை உங்களுக்குக் கைகொடுப்பவை அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகளும் வேலை நியமனச் சட்டமும்.

ஒப்பந்தப்படி முன்னறிவிப்பு கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் அனுப்பினால், அது தவறான பணிநீக்கம் இல்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் உண்மைக் காரணம் உங்கள் சமயம் என்றோ, உரிமையைக் கேட்டதற்குத் தண்டனை என்றோ காட்ட முடிந்தால், அல்லது அவர்கள் சொல்லும் காரணமே பொய் என்று நிரூபித்தால், கதை மாறும். வலுக்கட்டாயமாக எழுதி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கம்தான். நீங்களாகக் கோபத்தில் திங்கட்கிழமை எழுதிக் கொடுப்பது அப்படி அல்ல. அதைத் தூக்கிக்கொண்டு யார் போனாலும் முதல் கேள்வி 'நீங்களாகத்தானே போனீர்கள்?' என்பதாக இருக்கும். ஏன் ராஜினாமா வேண்டாம் என்றேன் என்று இப்போது புரியும்.

முறுக்கு டப்பா

இனி கொஞ்சம் கசப்பு. தீபாவளிக்குப் பக்கத்து மேசைப் பெண் ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். நீங்கள் அதைத் தொடாமல், மறுநாள் டப்பாவுக்குள் ஒரு கைப்பிரதியை வைத்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதில் விக்கிரக ஆராதனைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று அச்சடித்திருந்தது. அவர் அழுதார், பிறகு புகார் கொடுத்தார். இதையும் 'சுவிசேஷத்தினிமித்தம் பாடு' என்கிறீர்கள்.

நம் வீடுகளில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். உங்கள் அம்மா அதைச் சொல்லித்தந்திருப்பார். அந்தப் பெண் டப்பாவைத் திறந்தபோது எதை எதிர்பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். அந்த முறுக்கு படைத்ததா, இல்லையா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. பவுலோ, அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும், சொன்னவரை நினைத்துத் தவிர்க்கச் சொல்கிறார். வேண்டாம் என்றால் அதையும் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கலாம்.

சட்டப்படியும் இது விளையாட்டில்லை. நம் நாட்டில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990ல் நிறைவேறியது, 2019ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2009ல் ஒரு கிறிஸ்தவத் தம்பதி, பிற சமயத்தைப் புண்படுத்தும் கைப்பிரதிகளைத் தபாலில் அனுப்பியதற்காக எட்டு வாரம் சிறை போனார்கள். உங்கள் காரியம் அந்த அளவுக்குப் போகும் என்று சொல்லவில்லை. ஆனால் 15ஆம் பிரிவே பொது ஒழுங்கைக் குலைக்கும் செயலுக்கு இடமில்லை என்கிறது. விசுவாசத்தைப் பகிர்வது வேறு, அடுத்தவர் சாமியைக் கீழே இறக்குவது வேறு.

வழக்கறிஞராக என் கவலை இன்னொன்று. கையெழுத்துத் தாள் விஷயத்தில் உங்கள் கை வலுவாக இருக்கிறது. ஆனால் கம்பெனி உங்களை அனுப்ப நினைத்தால் தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. முறுக்கு டப்பா எச்சரிக்கைக் கடிதத்தைத்தான் மேசையில் எடுத்து வைக்கும். அது கேட்பதற்கு நியாயமான காரணமாகவும் இருக்கும். அதனால் அந்தப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் அதில் வேண்டாம். கேட்டதை மனிதவளப் பிரிவுக்கும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். மன்னிப்பு வழக்கு உத்தியாகத் தெரிந்தால் அவர் ஏற்க மாட்டார், அதனால் உண்மையாகவே வருத்தம் வந்த பிறகு போங்கள்.

ஞாயிறும் வீடும்

ஞாயிற்றுக்கிழமை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஞாயிறு ஓய்வு என்பது சட்டம் எல்லாருக்கும் தரும் உரிமை இல்லை. வாரம் ஒரு ஓய்வுநாள் என்ற விதி, உடலுழைப்பு ஊழியர் என்றால் 4,500 வெள்ளி வரையும், மற்றவர்கள் 2,600 வெள்ளி வரையும் சம்பாதிப்பவர்களுக்குத்தான். அவர்களுக்கும் அது எந்த நாள் என்பதை முதலாளி முடிவு செய்யலாம். உங்கள் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் 11 பொது விடுமுறைகளில் வருகின்றன, அவை உங்களுக்கு உண்டு. மற்றபடி மறுப்புக்குப் பின் உங்கள் பெயர் மட்டும் கூடியிருக்கிறதா என்று பழைய அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால் நோட்டில் ஏறட்டும். இல்லையென்றால் சனிக்கிழமை ஆராதனைக்குப் போங்கள். தீபாவளியன்று நான் வேலை செய்கிறேன், கிறிஸ்துமஸுக்கு எனக்கு விடுப்பு தாருங்கள் என்று இத்தனை நாள் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

வீட்டு விஷயத்தில் உங்கள் அண்ணன் பக்கமும் எனக்குக் கொஞ்சம் கேட்கிறது. பிண்டம் வைப்பது அவர், படையலிடுவது அவர். உங்களை யாரும் வைக்கச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. நீங்கள் காலையிலேயே கிளம்பிப் போய் இரவு பத்து மணிக்கு வந்தீர்கள். நீங்கள் ஒதுங்கியது சாமியிடமிருந்து என்று நினைக்கிறீர்கள், அவர் கண்ணுக்கு நீங்கள் அப்பாவை விட்டுப் போனவராகத் தெரிகிறீர்கள். வேதத்தில் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமான் நினைவிருக்கிறதா? யோர்தானில் முழுகிக் குஷ்டம் நீங்கிய பிறகு, என் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வான், நானும் பணிய வேண்டிவரும், கர்த்தர் மன்னிப்பாரா என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்கிறான். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்றார். நீங்கள் எதுவரை நிற்கலாம் என்பதை உங்கள் போதகரிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. ஆனால் தேக்கா சந்தைக்குப் போய் வாழைக்காய் வாங்கி வருவதையும், அம்மாவோடு உட்கார்ந்து நறுக்குவதையும், வந்தவர்களுக்குப் பரிமாறுவதையும் வேதத்தின் எந்தக் கட்டளையும் தடுக்கவில்லை. அடுத்த திவசத்துக்கு ஒரு மாதம் முன்பே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்: "கும்பிட மாட்டேன், அண்ணா. ஆனால் சமையல் முழுக்க என் பொறுப்பு."

இவ்வளவும் செய்த பிறகும் கம்பெனி உங்களை அனுப்பிவிடலாம். அப்படி நடந்தால், கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முத்தரப்புச் சர்ச்சை நிர்வாகக் கூட்டணியிடம், டாடெம் என்கிறார்களே, அங்கே உரிமைகோரல் பதிவாக வேண்டும். முதலில் சமரசப் பேச்சு. முடியாவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது, எனக்கு அதில் ஒரு காசு வராது. நீங்களே நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேச வேண்டும். அந்த ஒரு மாதக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளும் அடக்கம்.